பயணக் கேள்வி–பதில்: துவாலுவுக்கு ஒரு டிக்கெட்

பசிபிக் பெருங்கடலில் ஃபிஜிக்கு வடக்கே, நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் பாலினேசிய நாடு துவாலு. ஒன்பது தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 26 சதுர கிலோமீட்டர்தான் தேறும். மக்கள் ஏறத்தாழ 11,000 பேர். அவர்களில் பாதிக்கு மேல் தலைநகரான ஃபுனாஃபுட்டியில் வசிக்கிறார்கள். இந்த நாட்டுக்குப் போவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

சென்னையிலிருந்து துவாலு போக என்ன வழி? மொத்தம் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

எப்படிச் சுற்றிப் போனாலும் கடைசிக் கட்டம் ஃபிஜியிலிருந்துதான். சென்னை – சிங்கப்பூர் – நாடி என்பது நமக்குச் சுலபமான வழி. சிங்கப்பூரிலிருந்து ஃபிஜியின் நாடி நகருக்கு ஃபிஜி ஏர்வேஸ் நேரடி விமானம் விடுகிறது. சுமார் பத்து மணி நேரப் பயணம். துவாலு விமானம் பெரும்பாலும் நாடியிலிருந்து கிளம்பாது. அதே தீவின் மறுகோடியில், ஃபிஜியின் தலைநகரான சுவாவுக்கு அருகே உள்ள நௌசோரி விமான நிலையத்திலிருந்து கிளம்பும். டிக்கெட் போடும்போது இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. நாடியிலிருந்து நௌசோரிக்கு உள்நாட்டு விமானத்தில் அரை மணி நேரம். பஸ்ஸில் சுவா போய்ச் சேரவே நான்கு மணி நேரத்துக்குக் குறையாது.

நௌசோரியிலிருந்து ஃபுனாஃபுட்டி சுமார் 1,100 கி.மீ. ஏடிஆர் ரக இரட்டை விசிறி விமானம், இரண்டரை மணி நேரம், வாரத்தில் சில நாட்கள் மட்டும். விமானம் சிறியது, ஓடுதளமும் குட்டை என்பதால் எடைக் கணக்கு கறாராக இருக்கும். விமானம் நிறைந்துவிட்டால் உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் வரலாம். அந்த அடுத்த விமானம் இரண்டு மூன்று நாள் கழித்து வரலாம். ஆகவே மருந்து, ஒரு மாற்றுத் துணி, பணம், சார்ஜர் ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும்.

மழை, காற்று, இயந்திரக் கோளாறு, எதனால் வேண்டுமானாலும் ஒரு நாள் விமானம் ரத்தாகலாம். அதனால் திரும்பும் வழியில் ஃபிஜியில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். துவாலுவிலிருந்து வந்து இறங்கிய அன்றிரவே நாடியில் சிங்கப்பூர் விமானம் ஏறுவதாகத் திட்டம் போடுவது சூதாட்டம். துவாலுவில் நான்கைந்து நாள், போகவர எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் பதற்றமில்லாமல் போய்வரலாம்.

நாடியில் ஒரு பகல் மிஞ்சினால் கடைவீதியின் கோடியில் இருக்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போகலாம். இப்போதுள்ள திராவிடப் பாணிக் கட்டடம் 1994இல் எழுந்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர், தெலுங்கர், மலையாளிகளின் வழிவந்தவர்கள் நடத்தும் கோயில் அது.

விசா?
– வாசகி, மதுரை

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஃபிஜியில் முன்விசா வேண்டாம். துவாலுவில் இறங்கியபின் ஒரு மாதத்துக்கான அனுமதி தருகிறார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட உறுதி, கையில் பணம் மூன்றையும் கேட்பார்கள். நௌசோரியில் விமானம் ஏற்றும்போதே கேட்பார்கள் என்பதால் தாளில் அச்செடுத்து வைத்திருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஃபிஜி விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என ஃபிஜிக்குள் இரண்டு தடவை நுழைவீர்கள். சிங்கப்பூரில் வெளியே வராமல் மாறிப்போக வேண்டுமானால் சென்னையிலிருந்து நாடி வரை ஒரே டிக்கெட்டாக வாங்குவது நல்லது.

கார்டு செல்லுமா? எவ்வளவு பணம் எடுத்துப்போவது?
– வாசகர், ஈரோடு

கார்டை நம்பிப் போகாதீர்கள். அந்நாட்டின் முதல் ஏடிஎம் வந்ததே 2025 ஏப்ரலில்தான். தேசிய வங்கி அமைத்த அந்த இயந்திரங்கள் ஆரம்பத்தில் அந்த வங்கியின் சொந்த அட்டைகளுக்கு மட்டுமே பணம் தந்தன. வெளிநாட்டு அட்டை நீங்கள் போகும் சமயத்தில் வேலை செய்தால் அது லாபம். வேலை செய்யாவிட்டாலும் அறை வாடகை, சாப்பாடு, படகு எல்லாவற்றுக்கும் ரொக்கம் இருக்க வேண்டும்.

புழக்கத்தில் இருப்பது ஆஸ்திரேலிய டாலர். துவாலுவுக்கென்று தனி நோட்டு கிடையாது. நாணயங்கள் மட்டும் 1976 முதல் உண்டு. ஆஸ்திரேலிய நாணயத்துக்குச் சமமான மதிப்பு, ஆனால் துவாலுவை விட்டால் எங்கும் செல்லாது. கடைசி நாளில் கையில் மிஞ்சும் துவாலுக் காசுகளை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பெண்கள் கைவினைக் கடையில் தாழை விசிறியாக மாற்றிக்கொள்ளலாம்.

நூறு டாலர் நோட்டுகளாக வாங்கிப் போனால் சின்னக் கடைகளில் சில்லறைக்கு அலைய வேண்டும். சென்னையிலேயே ஐந்து, பத்து, இருபது டாலர் நோட்டுகள் கலந்து கேளுங்கள். நாலைந்து நாளுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு, விமானம் ரத்தானால் சமாளிக்க மூன்று நாள் செலவைத் தனி உறையில் வையுங்கள்.

அவ்வளவு தூரம் போய் அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?
– வாசகர், நாகர்கோவில்

ஊர்சுற்றிப் பார்க்கும் பட்டியல் ஒன்றை எதிர்பார்த்துப் போனால் இரண்டாம் நாளே அலுத்துவிடும். அங்கே சுற்றுலாத் தொழில் என்ற ஒன்று ஏறக்குறைய இல்லை. பார்க்க வேண்டியது அந்த ஊரின் அமைப்பையும் அன்றாடத்தையும்தான்.

ஃபுனாஃபுட்டி என்பது காயலைச் சுற்றி வளையமாக அமைந்த பவளத் தீவுகள்; அவற்றில் ஃபோங்காஃபாலே என்ற நீளத் தீவில்தான் ஊர் இருக்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் நீளம். அகலமான இடத்திலேயே 400 மீட்டர். வடக்கே போகப் போகக் குறுகி, ஓரிடத்தில் சாலை மட்டுமே மிஞ்சும். இடது கைப்பக்கம் அமைதியான காயல், வலது கைப்பக்கம் இரையும் பெருங்கடல். வாடகை மோட்டார் சைக்கிளில் ஒரு காலை நேரத்தில் முழுத் தீவையும் முடித்துவிடலாம். சாலையில் நாய்கள் அதிகம், ராத்திரி வெளிச்சம் குறைவு, மெதுவாகப் போங்கள்.

ஊரின் முற்றம் விமான ஓடுதளம். 1943இல் அமெரிக்கப் படை போட்டது. விமானம் வரும் நாளில் சங்கு ஊதும். ஓடுதளத்தில் இருப்பவர்கள் விலகுவார்கள். விமானம் வந்து போகும். பிறகு மறுபடி அது எல்லோருக்கும் சொந்தம். மாலை ஐந்து மணிக்கு மேல் கைப்பந்தும் கால்பந்தும் ரக்பியும் பக்கம் பக்கமாக நடக்கும். வெக்கை தாங்காத இரவுகளில் பாயோடு வந்து அங்கேயே படுப்பவர்களும் உண்டு. ஊரில் காற்று தடையின்றி வீசும் திறந்த வெளி அது ஒன்றுதான். வேடிக்கை பார்க்க நின்றால் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள்.

மேற்குப் பக்கம், காயலைக் கடந்தால் 1996இல் அறிவிக்கப்பட்ட ஃபுனாஃபுட்டி கடல் காப்பகம். 33 சதுர கிலோமீட்டரில் ஆறு குட்டித் தீவுகள். ஆள் குடியிருப்பில்லை, கடற்பறவைகள், ஆமைகள், தென்னை. உள்ளூர் மன்றத்தின் அலுவலகத்தில் முந்திய நாளே சொல்லிப் படகு ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டணம் படகுக்கு என்பதால் நாலுபேர் சேர்ந்தால் மலிவு. முகமூடி, மூச்சுக்குழல், துடுப்புச் செருப்பு எல்லாம் நீங்களே கொண்டுபோங்கள். அவற்றை வாடகைக்குத் தரும் இடம் எதுவும் இல்லை. பவளத்தில் நடக்க அடி தடித்த ரப்பர் செருப்பு அவசியம். கிளம்பும் முன் படகில் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். காயல் என்று பெயர்தான்; 275 சதுர கிலோமீட்டர் நீர், பிற்பகலில் காற்று எழுந்தால் அலை ஆளை நனைத்துவிடும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் திரும்புவது உசிதம்.

அந்தக் குட்டித் தீவுகளில் ஒரு கைப்பிடி மணலை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். நம்மூர்க் கடற்கரை மணல்போல் உருண்ட பொடி அல்ல. முனை மழுங்கிய குட்டி நட்சத்திரங்களும் தட்டையான வட்டுகளும் தெரியும். கடலில் வாழும் ஒருசெல் உயிரிகளின் ஓடுகள் அவை. அந்த உயிரிகள் செத்து ஒதுங்க ஒதுங்கத்தான் தீவுக்கு மண் சேர்கிறது. மலையோ ஆறோ இல்லாத நாட்டுக்கு வேறு மண் ஏது?

வரலாற்றில் ருசி உள்ளவர்களுக்கு இன்னொன்று. பவள வளையங்கள் மூழ்கும் எரிமலைகள்மேல் வளர்ந்தவை என்று சார்லஸ் டார்வின் 1842இல் எழுதியதைச் சோதிக்க, லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை இங்கே துளையிட்டது. 1,114 அடி வரை போயும் பவளச் சுண்ணாம்பே வந்தது. எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. அந்தத் துளையின் வாய் இன்றும் இருக்கிறது. பெரிய நினைவுச்சின்னம் என்று நினைத்துப் போகாதீர்கள், ஊர்க்காரர் யாராவது காட்டாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

முடியும், ஆனால் ருசியை எதிர்பார்க்காதீர்கள். அங்கே சோறும் மீனும்தான் சாப்பாடு. அரிசி, மாவு, சர்க்கரை, டப்பா உணவு எல்லாம் கப்பலில் வருபவை; கப்பல் தாமதமானால் அலமாரி காலியாகும். முதலில் தீர்வது வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை. உள்ளூரில் விளைபவை தேங்காய், ஈரப்பலா, வாழை, பப்பாளி, அப்புறம் புலாக்கா. தைவான் விவசாயக் குழு நடத்தும் தோட்டத்தில் வெள்ளரி, கீரை, கோஸ் கிடைக்கும்; விற்பனை நாளில் விடிகாலையே போனால்தான் உண்டு. எந்த நாள் என்பதைத் தங்குமிடத்தில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

புலாக்கா நம் சேப்பங்கிழங்கின் பெரிய உறவு. இலை ஆள் உயரத்துக்கு மேல் போகும். பவளத் தரையில் குழிதோண்டி, நிலத்தடி நன்னீர் ஊறும் மட்டத்துக்கு இறங்கி, அங்கே தழையுரம் போட்டு நடுவார்கள். சேனையைப்போல் நாக்கு அரிக்கும் என்பதால் நெடுநேரம் வேகவைத்துத் தேங்காய்ப்பாலில் பிசைவார்கள். கேட்டுச் சாப்பிட வேண்டிய ஒன்று.

தென்னம்பாளையைச் சீவி இறக்கும் கலெவேயும் நமக்குப் புதிதல்ல. பாளையைக் கட்டி, காலையும் மாலையும் மெல்லிய சீவல் எடுத்து, சொட்டும் சாற்றைப் பிடிக்கிறார்கள். இறக்கியவுடன் இனிப்பு, காலை இறக்கியது பொழுது சாய்வதற்குள் புளிப்பேறும், அதையே காய்ச்சினால் பாகு. எந்த நிலையில் இருப்பது என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

சொல்லாமல் விட்டால் காய்கறிக் குழம்பிலும் டப்பா இறைச்சி விழும். 'மீன் வேண்டாம்' என்றால் கோழி தருவார்கள். மீன், கோழி, இறைச்சி மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும். வீட்டுப் பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துப்போனால் ஃபிஜியிலும் துவாலுவிலும் சுங்கப் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். சீல் வைத்த கடைப் பொட்டலமாக இருந்தால் தகராறு குறைவு. விதை, பச்சைக் காய், கறிவேப்பிலை கூடவே கூடாது.

மீன் சாப்பிடுபவர்கள் எதையாவது கவனிக்க வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

சூரையும் கோலாவும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆழ்கடல் மீன். பவளப் பாறையில் மேயும் பெரிய களவா, சீலா, பாறை விலாங்கு ஆகியவற்றில்தான் எச்சரிக்கை. பாறைப் பாசியோடு ஒட்டிவாழும் நுண்ணுயிரியின் நச்சு சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிச் சேரும். சிகுவாட்டெரா என்று பெயர். கொதிக்கவைத்தாலும் உறையவைத்தாலும் போகாது, மணத்திலும் தெரியாது. உதடு மரமரப்பு, வாந்தி, குளிர்ந்த நீர் தொட்டால் சுடுவதுபோன்ற உணர்ச்சி வந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். எந்தப் பக்கத்து மீனை ஊர்க்காரர்கள் இப்போது தவிர்க்கிறார்கள் என்று கேட்டால் சொல்வார்கள்.

தண்ணீர், மருத்துவ வசதி எப்படி? சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறேன்.
– வாசகர், சேலம்

குடிநீர் என்பது கூரையில் விழுந்து தொட்டியில் சேரும் மழைதான். ஆறில்லை, கிணற்று நீர் உப்பு. ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும் ஊர்தான், ஆனாலும் சில மாதம் மழை பொய்த்தால் தொட்டிகள் வறண்டுவிடும். 2011இல் அவசரநிலை அறிவித்து வெளிநாட்டிலிருந்து தண்ணீர் தயாரிக்கும் இயந்திரங்கள் வரவழைத்தார்கள். குளியல் ஒரு வாளியோடு இருக்கட்டும். தொட்டி நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

மருத்துவமனை ஃபுனாஃபுட்டியில் ஒன்றே ஒன்று, பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனை. சிக்கலான நோயாளிகளை ஃபிஜிக்கு அனுப்புவார்கள். அதற்கும் விமானம் வர வேண்டும். ஆகவே விமானத்தில் நோயாளியைக் கொண்டுபோகும் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். உங்கள் மருந்து இருமடங்கு நாளுக்கு, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில். இன்சுலின் என்றால் அறையில் குளிர்பெட்டி உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். மலேரியா கிடையாது, டெங்கு வருவதுண்டு, பகலில் கடிக்கும் கொசு என்பதால் பகலிலும் களிம்பு தடவுங்கள். பவளம் கீறிய காயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். துகள் உள்ளே தங்கி இரண்டு நாளில் சீழ் வைக்கும். கொதித்தாறிய நீரில் தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள்.

குளிக்க இறங்குவது காயல் பக்கம் மட்டும். பெருங்கடல் பக்கம் அலையும் இழுப்பும் ஆபத்து. காயலிலும் வீடுகள் நெருங்கிய இடத்தை விட்டு வடக்கே தள்ளிப் போங்கள். கழிவறைத் தொட்டிகளின் கசிவு பவளத் தரை வழியே கரையோர நீரில் கலக்கிறது.

துவாலு மூழ்குகிறது என்கிறார்கள். இன்னொரு செய்தியில் தீவுகள் வளர்கின்றன என்று படித்தேன். எது உண்மை?
– கல்லூரி மாணவி, புதுச்சேரி

இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, இரண்டும் வேறுவேறு விஷயத்தைப் பேசுகின்றன. 1971 முதல் 2014 வரையிலான வான்படங்களை ஒப்பிட்ட ஆய்வில் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. புயலும் அலையும் ஒரு கரையை அரித்து இன்னொரு கரையில் குவிக்கின்றன. 1972இல் வந்த பெபே புயல் ஃபுனாஃபுட்டியின் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. அதே புயல் பெருங்கடல் கரையோரமாகப் பவளக் கற்களால் ஒரு நீண்ட வரப்பையே எழுப்பிவிட்டும் போனது. ஆனால் கரையில் மணல் சேர்வதால் ஊருக்குள் உப்பு ஏறுவது நிற்பதில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் அங்கே கடல் மட்டம் சுமார் 15 செ.மீ. உயர்ந்திருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த இடமே ஐந்து மீட்டருக்குக் குறைவு.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போக வேண்டும். அப்போதைய பெருவேலியேற்றத்தில் கடல் கரையைத் தாண்டி வருவதற்குக் காத்திருக்காது. தரை முழுக்கத் துளையுள்ள பவளம் என்பதால், ஓடுதளத்துக்குப் பக்கத்தில், வீட்டு முற்றத்தில், புல்லுக்கு அடியிலிருந்து நீர் குமிழியிட்டு மேலே வரும். அதைத் தடுக்க மதில் எழுப்பிப் பயனில்லை. அந்த உப்புநீர் புலாக்காக் குழிக்குள் ஊறினால் கிழங்கு அழுகும். புதிதாக நட மண் தெளிய வேண்டும். தீவு படத்தில் இருக்கும், குழியில் விளைச்சல் இருக்காது. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

எதிர்நடவடிக்கையாகக் காயலடி மணலை இறைத்துக் கொட்டி, 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்கு மேட்டு நிலம் ஒன்றை ஊரோரம் உருவாக்கியிருக்கிறார்கள், நடந்து பார்க்கலாம். ஆஸ்திரேலியாவோடு 2023 நவம்பரில் கையெழுத்தான ஃபலெபிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் வரை அங்கே குடியேறலாம். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கே நாட்டின் பெரும்பகுதியினர் பெயர் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களிடம் 'எப்போது மூழ்கும்?' என்று பேச்சைத் தொடங்காதீர்கள். கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் புளித்துப்போன கேள்வி அது.

எந்த மாதம் நல்லது? உடை, பழக்கவழக்கம்?
– வாசகி, கோவை

வெயில் ஆண்டு முழுக்க 30 டிகிரியை ஒட்டித்தான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழையும் புயல் அபாயமும். மே முதல் அக்டோபர் வரை காற்று இதமாக இருக்கும். சுதந்திர தினமான அக்டோபர் 1ஐ ஒட்டிப் போனால் ஓடுதளத்தில் அணிவகுப்பும், ஃபாட்டெலே ஆட்டமும் பார்க்கலாம். இரு அணியாகப் பிரிந்து, நிதானமாகத் தொடங்கும் பாட்டு போகப் போக வேகமெடுத்து, மரப்பெட்டியை அறையும் ஓசை உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நிற்கும். அந்த வாரத்து இருக்கைகளையும் அறைகளையும் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும்.

ஞாயிறு தேவாலய நாள், ஊர் அடங்கிவிடும். சனிக்கிழமையே வாங்க வேண்டியதை வாங்கிவிடுங்கள். பெண்கள் முழங்கால் மறையும் உடையோடு இருப்பது மரியாதை. கடலிலும் சட்டையும் கைலியுமாகத்தான் குளிக்கிறார்கள். வணக்கத்துக்கு 'தலோஃபா', நன்றிக்கு 'ஃபகாஃபெட்டாய்'. மின்சாரம் நம் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் ஆஸ்திரேலிய மாதிரி. பொருத்தி ஒன்றைச் சென்னையிலேயே வாங்குங்கள்.

டாட் டிவி இணைய முகவரிகள் இந்த நாட்டுடையவையாமே?
– வாசகர், வேலூர்

ஆம். நாடுகளுக்கு இரண்டெழுத்து ஒதுக்கியபோது அதிர்ஷ்டவசமாக அந்த இரண்டெழுத்து அமைந்தது. அமெரிக்க நிறுவனங்களுக்குக் குத்தகை விட்டு வருமானம் பார்க்கிறார்கள். மீன்பிடி உரிமத்தோடு சேர்ந்து அரசுக் கஜானாவுக்கு முக்கியமான வரவு. தபால்தலையும் ஒரு காலத்தில் அப்படித்தான். சேகரிப்பாளர்கள் ஃபுனாஃபுட்டி தபால்தலை அலுவலகத்துக்குப் போக மறக்க வேண்டாம்.

மற்ற எட்டுத் தீவுகளுக்கும் போய்வர முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

உள்நாட்டு விமானம் இல்லை. அரசுக் கப்பல் மட்டும். துவாலு என்ற பெயருக்கே 'எட்டும் சேர்ந்து நிற்பது' என்று பொருள்; ஒன்பதாவதான நியுலக்கிட்டாவில் நிரந்தரக் குடியேற்றம் பின்னால் வந்தது. கப்பலின் தேதி கிளம்பச் சில நாள் இருக்கும்போதுதான் தெரியும், சரக்கையும் வானிலையையும் பொறுத்து அதுவும் மாறும். தளத்தில் பாய் விரித்துப் பயணம். பல தீவுகளில் பவளத் திட்டுக்குள் கப்பல் நுழைய வழி கிடையாது. வெளியே நின்று, சிறு படகில் அலை பார்த்து இறக்குவார்கள். முதியவர்களுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் அந்த இறங்குதல் சரிப்படாது. அறை விடுதிகளும் பெயரளவில்தான் என்பதால் அந்தத் தீவின் மன்றத்துக்கு முன்தகவல் கொடுத்துத் தங்க இடம் உறுதிசெய்த பிறகே ஏற வேண்டும். ஒரு மாத அனுமதியில் இது நடக்கலாம், ஒரு வார விடுப்பில் நடக்காது. வெளித்தீவு வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்தால் போதும் என்பவர்கள் ஃபுனாஃபுட்டி வளையத்தின் தென்கோடியில் உள்ள ஃபுனாஃபாலாவுக்குப் படகு பேசிக்கொள்ளுங்கள். சில குடும்பங்களே வசிக்கும் தீவு அது; காலையில் போய் மாலையில் திரும்பலாம். குடிநீர், சாப்பாடு இரண்டையும் இங்கிருந்தே எடுத்துப்போங்கள்.